புதுப்பிப்பு: நெஞ்சு அழுத்தம் ஆசிடா, பதட்டமான்னு கேட்டிருந்தேனே

நெஞ்சு நடுவுல அழுத்தம், படுத்தா ஜாஸ்தியாகுது, கேஸா டென்ஷனான்னு புரியலன்னு முன்னாடி கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இப்ப நல்லா இருக்கேன்.

முதல்ல ஹார்ட்டை பாருங்கன்னு நிறைய பேர் சொன்னீங்க, இசிஜி, ட்ரோபோனின் டெஸ்ட் (ஹார்ட் தசை பாதிச்சிருக்கான்னு பாக்கற ரத்த டெஸ்ட்), எக்கோ (ஹார்ட் ஸ்கேன்) எல்லாம் பாத்தாச்சு, நார்மல். டாக்டர் ரிஃப்ளக்ஸ்னு (வயித்து ஆசிட் உணவுக்குழாய்க்கு மேல ஏறி வர்றது) சொல்லி, ஆசிட் சுரக்கறதை குறைக்கற பேன்டோப்ரசோல் மாத்திரை குடுத்தாங்க. அதை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடுங்கன்னு இங்க ஒருத்தர் சொன்னதையே அவங்களும் சொன்னாங்க, ஏன்னா சாப்பிடும்போதுதான் வயித்துல ஆசிட் சுரக்கிற பம்ப்புகள் அதிகமா வேலை செய்யுமாம், அப்ப மருந்து ரத்தத்துல ரெடியா இருக்கணும்.

ஆனா எனக்கு பெரிய வித்தியாசம் தெரிஞ்சது ராத்திரி சாப்பாட்டை தூங்கறதுக்கு 3 மணி நேரம் முன்னாடியே முடிச்சு, கட்டில்ல தலைமாட்டுப் பக்க காலுக்கு அடியில கட்டை வெச்சு உயர்த்தி, இடது பக்கமா படுத்ததுலதான். தலகாணி அடுக்கினது உதவல, வயிறு மடங்கி இன்னும் எதுக்களிச்சுது.

எதிர்பார்க்காத விஷயம், எரிச்சல் போனப்புறமும் படபடப்போட ஒரு இறுக்கம், விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சு. பயத்துல வேகமா மூச்சு வாங்கினாலே அப்படி வருமாம். மூச்சை மெதுவா, நீளமா வெளிய விடச் சொன்னவருக்கு தனி நன்றி, அது கொஞ்ச நேரத்துலயே அடங்குச்சு.

மாத்திரையை பட்டுனு நிறுத்தாதீங்க, ஆசிட் திரும்ப கூடலாம், டாக்டர்கிட்ட கேட்டு குறைங்க. வலி கைக்கோ தாடைக்கோ பரவினா, வியர்த்துக் கொட்டினா, மூச்சு முட்டினா இதெல்லாம் படிச்சுட்டு இருக்காம உடனே எமர்ஜென்சிக்கு போயிடுங்க.