குளிர்நாட்டு வாடகை வீட்டில் சுவரெங்கும் ஓதமும் கரும்பூஞ்சையும்: காரணத்தைக் கண்டறிய உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தம் குடும்பத்துடன் குளிர் மிகுந்த ஒரு நாட்டுக்கு அண்மையில் இடம்பெயர்ந்தோம். நாங்கள் குடியிருப்பது பழைய செங்கல் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில் உள்ள இரண்டு படுக்கையறை வாடகை வீடு. குடிபுகுந்தபோது சுவர்களுக்குப் புதிதாக வெள்ளைப் பூச்சு அடித்திருந்தார்கள். குறை எதுவும் கண்ணில் படவில்லை. குளிர் கூடிய பிறகு காலை வேளைகளில் சன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து சட்டத்தின் அடியில் தேங்கத் தொடங்கியது. சென்ற வாரம் பெரிய படுக்கையறையில் வெளிச்சுவரை ஒட்டி நின்ற துணி அலமாரியை நகர்த்திப் பார்த்தபோது, அதன் பின்புறச் சுவரில் தரையிலிருந்து இடுப்பளவு வரை கரும்புள்ளிகள் படர்ந்திருந்தன. அலமாரியின் பின்பலகை கையால் தொட்டால் நசநசவென்று ஈரமாக இருக்கிறது. உள்ளே மாட்டியிருந்த தோல்வாரில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பொடி படிந்திருக்கிறது.

குழந்தை உறங்கும் சிறிய அறையிலும் சன்னலின் மேல்மூலையில் மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரு கறை தெரிகிறது. ஆனால் அங்கே கரும்புள்ளிகள் இல்லை. குழந்தைக்குச் சில வாரங்களாக இரவில் இருமல் இருக்கிறது.

குளிர் உள்ளே வரக்கூடாது என்பதற்காகச் சன்னல்களை எப்போதும் மூடியே வைத்திருக்கிறோம். வெளியே பெரும்பாலும் மழையாகவே இருப்பதால், திறந்தால் ஈரம் இன்னும் கூடிவிடுமோ என்ற அச்சமும் உண்டு. துணிகளை வீட்டுக்குள்தான் உலர்த்துகிறோம். இது கட்டடத்தின் குறையா, நாங்கள் வீட்டைப் புழங்கும் விதமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? சுவரை எதைக் கொண்டு துடைக்க வேண்டும்?

மறுமொழி 1 (கட்டடப் பராமரிப்புத் துறையில் பணிபுரிபவர்)

வணக்கம். துடைப்பதற்கு முன்பாக நீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறிந்துவிடுங்கள். அது தெரியாமல் செய்யும் செலவெல்லாம் வீண். நீங்கள் விவரித்திருக்கும் இரண்டு இடங்களும் ஒரே நோயின் இரண்டு அடையாளங்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுவதற்கு முதன்மையான வழிகள் மூன்று. தரையிலிருந்து மண்ணின் ஈரம் சுவருக்குள் மேலேறுவது ஒன்று. அது கீழ்த்தளத்தில்தான் வரும், ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்குள் உப்புப் பூத்த கோட்டோடு நின்றுவிடும், ஆகவே மேல்தளத்தில் இருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது. மழைநீர் விரிசல், கூரை, சன்னல் விளிம்பு வழியாகக் கசிவது இரண்டாவது. மழை பெய்த மறுநாள் கறை கருத்துப் பரவும், வெயில் நாட்களில் வெளிறும், விளிம்பு பழுப்பாக இருக்கும். மூன்றாவதுதான் குளிர்நாட்டுக்குப் புதிதாக வருபவர்களைப் பெரும்பாலும் திகைக்க வைப்பது: வீட்டுக்குள் இருக்கும் காற்றின் நீராவியே குளிர்ந்த சுவரில் படிவது.

இதை எண்களில் சொன்னால் தெளிவாகும். 20 டிகிரி வெப்பமுள்ள காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும்; 5 டிகிரியில் அதனால் 7 கிராமுக்கும் சற்றுக் குறைவாகவே தாங்க முடியும். உங்கள் அறை 20 டிகிரியிலும் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் இப்போது இருக்கும் பங்கு) 70 சதவீதத்திலும் இருந்தால், 14 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியத் தொடங்கிவிடும். பூஞ்சைக்கு அந்த அளவுகூடத் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 80 சதவீதத்துக்கு மேல் இருந்தாலே அது முளைக்கும். மேற்சொன்ன அறையில் சுவர் 18 டிகிரிக்கு இறங்கினாலே அந்த நிலை வந்துவிடும். வெளிச்சுவரை ஒட்டி அலமாரியை வைத்தால், அறையின் வெப்பம் அந்தச் சுவரை எட்டுவதில்லை, காற்றோட்டமும் நின்றுவிடுகிறது. நடு அறையில் குளிர் தெரியாதபோதும் அலமாரிக்குப் பின்னால் சுவர் சில்லிட்டுப்போய் இருப்பது இதனால்தான்.

மழை நாளில் சன்னலைத் திறப்பது பற்றிய உங்கள் அச்சம், வெப்பநாட்டில் வாழ்ந்த எவருக்கும் இயல்பானதுதான். ஆனால் குளிர்காலத்தில் கணக்கு தலைகீழ். வெளியே 5 டிகிரியில் மழை கொட்டிக்கொண்டிருந்தாலும், அந்தக் காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஒப்பு ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அதாவது, உள்ளே வருவது உலர்ந்த காற்று. வெளியே போவதுதான் ஈரக்காற்று. காலையும் மாலையும் எதிரெதிர்ச் சன்னல்களைப் பத்து நிமிடம் அகலத் திறந்துவிட்டு மூடுங்கள். அந்தக் குறுகிய நேரத்தில் காற்று மாறிவிடும், சுவர்களும் தளவாடங்களும் தங்கள் வெப்பத்தை இழக்கமாட்டா. நாள் முழுவதும் ஒரு சன்னலைச் சிறிதளவு திறந்தே வைப்பதைவிட இது நல்லது, ஏனெனில் அப்படி வைத்தால் சன்னலைச் சுற்றியுள்ள சுவர் தொடர்ந்து குளிர்ந்து அங்கேயே புதிதாகப் பூஞ்சை பிடிக்கும்.

இப்போது செய்ய வேண்டிய சோதனை எளிது. ஒரு ஈரப்பதமானி வாங்கிப் பெரிய படுக்கையறையில் வைத்து, காலையிலும் இரவிலும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே, இரண்டு அறைகளிலும் சந்தேகத்துக்குரிய இடத்துக்கு அருகே சுவரைத் துடைத்து உலரவிட்டு, உள்ளங்கையளவு அலுமினியத் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் அறைப்பக்கம் ஈரமாக இருந்தால் அது காற்றிலிருந்து படிந்தது. சுவர்ப்பக்கம் ஈரமாக இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. சோதனை நாட்களில் ஒரு நாளாவது மழை பெய்திருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள்.

மறுமொழி 2

எங்கள் வீட்டிலும் இதே தொல்லை இருந்தது. ப்ளீச்சைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் கருமை உடனே போய்விடும். அதன்மேல் பூஞ்சைத் தடுப்புப் பெயிண்ட் அடித்துவிட்டால் குளிர்காலத்தைக் கடத்திவிடலாம். அளவிடுவதெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

மறுமொழி 3 (பொதுச் சுகாதாரத் துறையில் பணிபுரிபவர்)

மேலே நண்பர் சொன்னதில் ஒன்றை மறுக்க வேண்டியிருக்கிறது. ப்ளீச் கருநிறத்தை வெளுக்கச் செய்கிறது என்பது உண்மை. ஆனால் பிளாஸ்டர், மரப்பலகை போன்ற துளைகள் நிறைந்த பரப்புகளில் வேரோடியிருப்பதை அது முழுமையாக எட்டுவதில்லை. நிறம் போனதும் நோய் போயிற்று என்று எண்ணிவிடுகிறோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் பூஞ்சையைச் சுத்தம் செய்ய ப்ளீச்சை வழக்கமான முறையாகப் பரிந்துரைப்பதில்லை. செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது என்பதால், அதைக் கொல்வதல்ல, அங்கிருந்து அகற்றுவதே நோக்கமாக இருக்க வேண்டும். பூஞ்சையின் மேலேயே பெயிண்ட் அடித்தால் அது உரிந்து வரும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: ப்ளீச்சோடு வினிகரையோ அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானையோ எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், முன்னதில் குளோரின் வாயுவும் பின்னதில் குளோரமைன் வாயுவும் எழும், மூடிய அறையில் இரண்டும் நுரையீரலைத் தாக்கும்.

அதே முகமை, ஏறத்தாழ பத்துச் சதுர அடிக்கு உட்பட்ட பரப்பு என்றால் வீட்டிலிருப்பவர்களே சுத்தம் செய்துகொள்ளலாம் என்கிறது. குழந்தையை வேறு அறைக்கு அனுப்பி, அறைக்கதவை மூடி, சன்னலைத் திறந்து, என்95 முகக்கவசமும் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த வெந்நீரில் துணியை நனைத்துத் துடையுங்கள். உலர்ந்த தூரிகையால் தேய்த்தால் நுண்வித்துகள் அறையெங்கும் பறக்கும். துடைத்த துணிகளைப் பையில் கட்டி எறிந்துவிட்டு, சுவரை நன்றாக உலரவிடுங்கள். ஈரம் ஊறிய பின்பலகை மென்மையாகிவிட்டிருந்தால் அதைக் காப்பாற்ற முயலாமல் மாற்றிவிடுவதே நல்லது.

குழந்தையின் இருமலை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் பூஞ்சை இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் மருத்துவர் தாமாக அதை ஊகிக்க வழியில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டு ஓதத்துக்கும் மூச்சுத்தொல்லை, ஆஸ்துமா தீவிரமாதல் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாகவே பதிவு செய்திருக்கிறது. இருமலுக்கு இதுதான் காரணம் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் காத்திருக்கவும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. குழந்தையை மருத்துவரிடம் காட்டிவிட்டோம். குழந்தையின் கட்டிலையும் எங்கள் படுக்கையறைக்கு மாற்றாமல் கூடத்துக்கு மாற்றியிருக்கிறோம். சோதனையின் முடிவு இதோ. பெரிய படுக்கையறையில் காலை அளவு 74, 76 என்று வருகிறது. வெப்பம் 17 டிகிரி. துணி உலர்த்திய இரவில் 80ஐத் தாண்டியது. அங்கே ஒட்டிய தாளில் அறைப்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றது, பின்பக்கம் உலர்ந்திருந்தது. குழந்தையின் அறையில் நேர்மாறு: அறைப்பக்கம் உலர்ந்திருக்க, மழைக்குப் பிறகு தாளை உரித்தபோது சுவர்ப்பக்கம் நனைந்து, பூச்சும் அதோடு பெயர்ந்து வந்தது. அப்படியென்றால் இரண்டும் வெவ்வேறு காரணம்தானா? ஈரம் உறிஞ்சும் கருவி வாங்கினால் இரண்டுக்கும் பயன்படுமா?

மறுமொழி 1 (மீண்டும்)

ஆம், வெவ்வேறுதான், நீங்கள் எடுத்த அளவுகள் தெளிவாகப் பேசுகின்றன.

பெரிய அறையின் ஈரம் உள்ளிருந்து வருவது. ஒருமுறை துவைத்த துணிகள் உலரும்போதே ஏறக்குறைய இரண்டு லிட்டர் நீர் அறைக்காற்றில் கலக்கிறது. அதோடு உறங்குபவர்களின் மூச்சு, சமையல், குளியல். துணியைக் குளியலறையில் கட்டி, கதவை மூடி, காற்று வெளியேற்றும் விசிறியை ஓடவிட்டு உலர்த்துங்கள். அந்த விசிறி உண்மையிலேயே இழுக்கிறதா என்று ஒரு மெல்லிய காகிதத்தை அதன் கம்பிவலையில் வைத்துப் பாருங்கள். காகிதம் ஒட்டி நிற்காவிட்டால், சுழலும் ஓசை மட்டுமே மிச்சம், தூசி அடைத்திருக்கிறது என்று பொருள். அலமாரியை உட்சுவருக்கு மாற்றுங்கள். இடமில்லையென்றால் வெளிச்சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். அறை வெப்பத்தை 18 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். ஒரு வேளை கொதிக்கச் சூடாக்கி மறுவேளை அணைத்துவிடுவதைவிட, மிதமான சூடு சீராக இருப்பதே சுவருக்கு நல்லது. காலை அளவு 60க்குக் கீழே நிலைபெற்றால் பூஞ்சை மீண்டும் வராது என்று நம்பலாம்.

ஈரம் உறிஞ்சும் கருவி இந்த அறைக்கு உதவும். கம்ப்ரசர் வகை சூடான அறையில் சிக்கனமாக வேலை செய்யும். வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகும் அறைகளில் அதன் திறன் குறைந்துவிடும், அங்கே ஈரத்தை உறிஞ்சும் பொருள் கொண்டு இயங்கும் வகை மேல், ஆனால் மின்சாரம் கூடுதலாக எடுக்கும். அலமாரிக்குள் வைக்கும் சிறு உப்பு டப்பாக்கள் ஓர் அறைக்குப் போதா.

குழந்தையின் அறைக்குக் கருவி தீர்வாகாது. அங்கே சன்னல் மேல்விளிம்பில் நீர் புகாமல் தடுக்கும் அடைப்போ, கூரை ஓரத்து மழைநீர் வடிகாலோ பழுதாகியிருக்க வேண்டும். மழை பெய்யும்போது வெளியே நின்று அந்த மூலைக்கு மேலே நீர் வழிகிறதா என்று பார்த்துப் படம் எடுங்கள். அதைச் சரிசெய்வது உரிமையாளரின் வேலை.

மறுமொழி 4

வாடகைதாரராக நானும் இதைக் கடந்து வந்திருக்கிறேன் என்பதால் ஒரு சொல். பேச்சில் சொன்னதைப் பதிவாகக் கொள்ளாதீர்கள், எழுத்தில் அனுப்புங்கள். நாளிட்ட படங்கள், ஈரப்பதமானியின் அளவுகள், அலுமினியத் தாளின் முடிவு, மழை நாட்கள் ஆகியவற்றை ஒரே கடிதத்தில் அடுக்குங்கள். பெரிய அறையையும் சிறிய அறையையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதினால், “நீங்கள் சன்னலைத் திறப்பதில்லை, துணியை உள்ளே உலர்த்துகிறீர்கள்” என்ற ஒரே பதிலில் மழைக்கசிவும் சேர்ந்து மூடப்பட்டுவிடும். எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. பெரிய அறைக்கு நீங்கள் எடுத்த நடவடிக்கைகளையும் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் உங்கள் உள்ளாட்சி அமைப்பின் வீட்டு வசதிப் பிரிவையோ வாடகைதாரர் ஆலோசனை மையத்தையோ அணுகுங்கள். வாடகையை மட்டும், சட்ட ஆலோசனை பெறாமல், நிறுத்தி வைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

கடிதம் அனுப்பிவிட்டேன், உரிமையாளர் தரப்பிலிருந்து கூரை ஓரத்து வடிகாலைப் பார்க்க ஆள் வருவதாகப் பதில் வந்திருக்கிறது. பெரிய அறையில் காலை அளவு இப்போது 62. சிறிய அறைச் சுவருக்கு எப்போது பெயிண்ட் அடிக்கலாம்?

மறுமொழி 1

கசிவு நின்ற பிறகும் நனைந்த செங்கல் உலரப் பல வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள்கூட ஆகும். பெயர்ந்த பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுவரைத் திறந்தே விடுங்கள். ஒரு பெருமழைக்குப் பின்னும் அலுமினியத் தாளின் சுவர்ப்பக்கம் உலர்ந்திருந்தால் பூசலாம். அதுவரை குழந்தையின் கட்டில் கூடத்திலேயே இருக்கட்டும்.