"தெரியலை"ன்னு உண்மையைச் சொன்னா மறைக்கிறேன்னு நினைக்கிறாங்க

கேள்வி: கிணற்றுத்தவளை
கிணத்துத் தண்ணியில ஆர்சனிக்ங்கிற நச்சு எவ்வளவு இருக்குன்னு அளக்கிறது என் வேலை. போன வாரம் முதல்முறையா பொதுக்கூட்டத்துல முடிவுகளைச் சொன்னேன். மொத்தம் 22 ஸ்லைடு. 14வது ஓடும்போது ஒரு அம்மா எழுந்து, "இந்தத் தண்ணிய என் பேரனுக்குக் குடுக்கலாமா, வேணாமா?"ன்னு கேட்டாங்க. "மாதிரிகள் போதாது, நிச்சயமின்மை அதிகம், இப்போதைக்குச் சொல்ல முடியாது"ன்னேன். உட்காரும்போது பக்கத்துல இருந்தவர்கிட்ட "என்னமோ மறைக்கிறாங்க"ன்னாங்க. மைக் இல்லாமலே எனக்குக் கேட்டுச்சு. நான் பொய் சொல்லலையே, எங்கே சறுக்கினேன்?

பதில் 1: அரைக்கால்
22 ஸ்லைடுலதான்.

பதில் 2: திண்ணைப்பேச்சு
பத்து வருஷமா ஆராய்ச்சியாளர்களுக்கு மேடைப் பயிற்சி கொடுக்கிறேன். அந்த அம்மா உங்க ஆய்வைப் பத்திக் கேட்கலை, இன்னிக்கு ராத்திரி என்ன செய்யிறதுன்னு கேட்டாங்க. அதுக்கு உங்ககிட்ட பதில் இருந்துச்சு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதைத் தாண்டின கிணத்துத் தண்ணியைக் குடிக்க வேண்டாம், சமைக்க வேண்டாம்; குளிக்க, துவைக்கப் பரவாயில்லை. கொதிக்க வச்சா ஆர்சனிக் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் செறிவாகும். இந்தக் கடைசி விஷயம் உங்க ஸ்லைடுல இருந்துச்சா? நிறைய வீட்ல கொதிக்க வச்சுட்டு நிம்மதியா இருப்பாங்க.

இதையெல்லாம் சொல்லிட்டு, அப்புறம் "இன்ன கிணறுகளை இன்னும் பார்க்கலை, இன்ன தேதிக்குள்ள பார்த்துச் சொல்றோம்"னு சொல்லுங்க. "நிச்சயமின்மை"ங்கிறது உங்களுக்குப் பிழை வரம்பு. கேட்கிறவங்க காதுல அது மழுப்பலாத்தான் விழும்.

பதில் 3: மறுப்பாளன்
திண்ணைப்பேச்சு சொல்றது சரி, ஆனா அதுல ஒரு பள்ளம் இருக்கு. தெளிவாப் பேசணும்னு கிளம்பி ஆறுதல் சொல்றதுல போய் முடியும். 2009ல இத்தாலியின் லாக்விலா நகரத்துல மாசக்கணக்கா சின்னச் சின்ன அதிர்வு. ஆபத்தில்லைன்னார் ஒரு அதிகாரி. அப்போ ஒரு கிளாஸ் ஒயின் குடிக்கலாமான்னு நிருபர் கேட்டதுக்கும் ஆமான்னார். சில நாள்ல, ஏப்ரல் 6ல, பெரிய நிலநடுக்கம். 309 பேர் செத்தாங்க. குலுங்கினா வெளியே போய்ப் படுக்கிறது அங்கே பெரியவங்க வழக்கம். அந்தப் பேச்சை நம்பி வீட்டுக்குள்ளேயே இருந்துட்டோம்னு பிழைச்சவங்க கோர்ட்ல சொன்னாங்க.

பதில் 4: திண்ணைப்பேச்சு
ஒத்துக்கிறேன். எனக்கு எப்பவும் ஞாபகம் வர்றது இங்கிலாந்தின் கம்ப்ரியா ஆட்டுக்காரங்க கதை. 1986ல செர்னோபில் அணு உலை விபத்துல வெளியான கதிரியக்கப் பொருளான சீசியம் மழையோட அங்கே மலையில இறங்கிச்சு. ஆடு விற்கத் தடை மூணே வாரம்தான்னு அரசு விஞ்ஞானிகள் சொன்னாங்க. கடைசித் தடை நீங்கினது 2012ல! களிமண் சீசியத்தைப் பிடிச்சு வச்சுக்கும்னு அவங்க கணக்கு. மேட்டு நிலத்துல இருக்கிறதோ அமிலத்தன்மையுள்ள, அரைகுறையா மக்கின செடி நிறைஞ்ச கரிமண். அங்கே புல் அதைத் திரும்பத் திரும்ப இழுத்துச்சு. சோதனைக்காக ஆட்டைப் பட்டியில அடைச்சப்போ, "மலையில மேயிற ஆடு, அடைச்சா இளைச்சுடும்"னு ஆட்டுக்காரங்க சொல்லிப் பார்த்தாங்க. யாரும் காதுல போட்டுக்கலை. கடைசியில சோதனையைக் கைவிட்டாங்க. கணக்கு தப்பினதைக்கூட அந்த ஜனங்க மன்னிச்சிருப்பாங்கன்னு எனக்குத் தோணும். அதனால அடுத்த தடவை நீங்க பேசுறதுக்கு முன்னாடி கொஞ்சம் கேளுங்க: எந்தக் கிணறு, எப்போ தோண்டினது, எவ்வளவு ஆழம்?

கிணற்றுத்தவளை:
ஸ்லைடைத் தூக்கிட்டேன். ஒரே தாள்: எந்தக் கிணறு, என்ன அளவு, குடிக்கலாமா கூடாதா. கொதிக்க வைக்கிற விஷயம் மேலேயே பெரிய எழுத்துல. அதைத் தயார் பண்ணும்போது அந்த அம்மா வீட்டுக் கிணத்தை எங்க பட்டியல்ல தேடினேன். இல்லை. நாங்க அங்கே மாதிரியே எடுக்கலை. நாளைக்கு பாட்டிலோட போறேன்.