நாய்க்கு வீட்டுச் சாப்பாடு: பார்த்ததை, பட்டதை எழுதுங்க

திண்டுக்கல் செல்வி

அண்ணன் வீட்டு லேப்ரடார் (லேப்) நாய்க்குட்டி விஷயம். இன்னும் மனசு ஆறல, அதான் எழுதறேன்.

அண்ணி பாக்கெட் எதையும் வாங்க மாட்டாங்க. எலும்பில்லாத நெஞ்சுக்கறியை சோத்தோட குழைய வேகவச்சு, ஆறினதும் கையால பிசைஞ்சு ஊட்டுவாங்க. ஒரு வேளை தவறாது. குட்டியும் கொழுகொழுன்னுதான் இருந்துச்சு. ஒரு நாள் சோபாவிலிருந்து குதிச்சது, அதுக்கப்புறம் பின்னங்காலை ஊனவே இல்ல.

டாக்டர் எக்ஸ்ரேவை விளக்குல மாட்டினார். எலும்பு பளிச்சுன்னு வெள்ளையா தெரியணும் இல்லையா? சதையும் எலும்பும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். தொடை எலும்பு முழுசா ஒடியாம பச்சைக் குச்சி மாதிரி மடங்கிக் கிடந்துச்சு. "கறியில பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் இல்லவே இல்லைன்னு சொல்லலாம். ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கும்"னார். அண்ணி ஒரு வார்த்தை பேசல. படத்தையே பார்த்துட்டு நின்னாங்க.

சாப்பாட்டை மாத்தி, கூண்டுல ஓய்வுல வச்சு, இப்ப நடக்குது. கால் மட்டும் லேசா வளைஞ்சே நின்னுடுச்சு. சமைச்சுப் போடறவங்க எப்படிப் போடறீங்கன்னு சொல்லுங்க.

மடிப்பாக்கம் வாசு

எங்க மாடி வீட்டு பொமரேனியன். விருந்தாளிகள் வந்த அன்னிக்கு பரோட்டாவை சால்னாவுல பிசைஞ்சு நிறைய வச்சிருக்காங்க. ரெண்டு மூணு நாள் கழிச்சு மூத்திரம் கருஞ்சிவப்பா போகுதுன்னு என்னைக் கூப்பிட்டாங்க. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன், காகித வெளுப்பு. கட்டைவிரலால அழுத்தி எடுத்தா நிறமே திரும்பல.

வெங்காயம். ரத்த சிவப்பணுவை உடைச்சிடும். பச்சையோ, வெந்ததோ, பொடியோ, வித்தியாசமே கிடையாது. பூண்டும் அப்படித்தான். ரத்தம் ஏத்தித்தான் காப்பாத்தினாங்க. நம்ம தட்டுல மிஞ்சினதைப் போடறதுக்கு வீட்டுச் சாப்பாடுன்னு பேர் வைக்காதீங்க.

கரிசக்காட்டான்

நாங்க கோவில்பட்டிப் பக்கம். மூணு தலைமுறையா சிப்பிப்பாறை வளர்க்கோம். கம்பங்கூழ், கேப்பைக்களி, மோர். இதான் சாப்பாடு. எக்ஸ்ரேயும் கிடையாது, மருந்தும் கிடையாது. தாத்தாவோட கருப்பு நாய் வயசான காலத்துலயும் கரிசக்காட்டு வெடிப்பைத் தாண்டி ஓடினதை நான் சின்னப் பிள்ளையில பார்த்திருக்கேன். நாலு காலும் தரையில படாத மாதிரி போகும். இப்ப ஆளாளுக்கு கிராம் கணக்குச் சொல்லுதீக. நாய்க்கு சோறு போட கணக்கு எதுக்கு?

ஈரோடு பிரபு

கரிசக்காட்டான் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க தாத்தா நாய் கூழ் மட்டுமா தின்னுச்சு? காட்டுல முயலை எலும்போட, ஈரலோட தின்னிருக்கும். எலி, ஓணான் எதையும் விட்டிருக்காது. கூழ் வயித்தை நிறைச்சது, மத்ததைக் காடு கொடுத்துச்சு. அதே கூழை மட்டும் ஊத்தி மூணாவது மாடி ஃப்ளாட்டுல வளர்த்தா அந்த ஓட்டம் வராது.

ஆனா கூழைக் குறை சொல்ல மாட்டேன். நாய்க்கு தானியமே ஆகாதுன்னு ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம்னு 2013லயே நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல வந்தாச்சு. கேழ்வரகு 100 கிராமுல கால்சியம் சுமார் 340 மில்லிகிராம். அரிசியில பத்து தேறினாலே பெரிசு. நம்ம பெரியவங்க கேப்பையைப் பிடிச்சது வீண் இல்ல. என்ன, அதுல இருக்கிற ஃபைட்டேட்ங்கற பொருள் அந்தக் கால்சியத்தை முழுசா உடம்புல சேர விடாது.

என் கதை சின்னது. என்கிட்ட இருக்கறது 20 கிலோ நாட்டு நாய். இணையத்துல கிடைச்ச குறிப்பை வச்சுத்தான் ஆரம்பிச்சேன். கொஞ்ச நாள்ல முடி உதிர்ந்து முழங்கைத் தோல் தடிச்சுப் போச்சு, துத்தநாகம் போதலன்னாங்க. கலிஃபோர்னியாவுல டேவிஸ் பல்கலைக்கழகத்துல 2013ல 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதிச்சப்போ நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சுல ஏதாவது ஒரு சத்தாவது குறைஞ்சுதான் இருந்திருக்கு. கால்நடை மருத்துவர்கள் எழுதின குறிப்புகளும் அதுல உண்டு.

இப்ப நான் செய்யறது: கோழிக்கறி, சோறு, பூசணி, வாரத்துல கொஞ்சம் ஈரல், மத்தி மீன். ஈரலை அள்ளிப் போடாதீங்க, வைட்டமின் ஏ மிஞ்சினாலும் எலும்புக்குக் கேடு. முட்டை ஓட்டைக் கழுவி, வாணலியில வறுத்து, மிக்ஸியில மாவா அரைச்சு வச்சுக்குவேன். தலை தட்டின ஒரு டீஸ்பூன்ல கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம். என் நாய்க்கு ஒரு நாளைக்கு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல. துத்தநாகம், வைட்டமின் ஈ எல்லாம் டாக்டர் எழுதித் தந்த பொடியிலிருந்து வருது. செல்வி அக்கா, இந்த அளவு வளர்ந்த நாய்க்கு மட்டும்தான். லேப் மாதிரி பெரிய ஜாதிக் குட்டிக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கோணும். குட்டிக்கு ஒரு வயசு தாண்டற வரைக்கும் குட்டிகளுக்குன்னு இருக்கிற நல்ல பாக்கெட் உணவே போடச் சொல்லுங்க.

நாகர்கோவில் ஜெபா

வீட்டுச் சாப்பாடு போட்டா சீக்குதான் வரும்ங்கற மாதிரி பேச்சு போகுது. எங்க வயசான நாய், கிழவன்னு கூப்பிடுவோம், அவனுக்கு கிட்னி போயிடுச்சு. அதுக்குன்னு விக்கிற பாக்கெட்டை மோந்து பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டான். விலா எலும்பை எண்ணலாம், அப்படி இளைச்சிட்டான். டாக்டரே உக்காந்து கணக்குப் போட்டு எழுதித் தந்தாங்க: சோறு, முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சமா கோழி, எண்ணெய், கால்சியம் கார்பனேட். தயிர், எலும்பு சூப் கூடவே கூடாது, பாஸ்பரஸ் ஏறிடும்.

முதல் நாள் வெதுவெதுப்பா வச்சேன். நக்கின நக்குல தட்டு மொசைக் தரையில சறுக்கிக்கிட்டே போய் சுவத்துல முட்டுச்சு. அவன் பின்னாலயே போய் அங்கயும் நக்கினான். அடுத்த தீபாவளி வரைக்கும் எங்களோட இருந்தான். நான் சமைக்கலன்னா பட்டினியிலேயே போயிருப்பான்.

வாசு

ஜெபா அக்கா சொல்றது சரி. பாக்கெட்டை நம்பறவங்களும் கண்ணை மூடிக்கிட்டு நம்ப வேண்டாம். 2007ல பாக்கெட் உணவுல சேர்க்க சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்துல மெலமின்ங்கற ரசாயனம் கலந்திருந்து அமெரிக்காவுல எத்தனையோ நாய், பூனைக்குக் கிட்னி செத்துப்போச்சு.

கறிக்கடை தெரு மும்தாஜ்

எல்லாரும் எலும்பை விட்டுட்டீங்களே! போன பக்ரீதுக்கு எதிர் வீட்டு ராஜபாளையம் நாய் முன்னங்காலால வாயைப் பிறாண்டிக்கிட்டே சுத்துச்சு. எச்சில் வழியுது, யாரையும் கிட்ட விடல. டாக்டர் மயக்கம் கொடுத்து வாயைத் திறந்தா, குழம்புல வெந்த எலும்பு மேல் அண்ணத்துல குறுக்கா, ரெண்டு பக்கப் பல்லுக்கும் நடுவுல சிக்கியிருக்கு. நுனி ஊசியா இருந்துச்சு. வெந்த எலும்பு கடிச்சா அப்படித்தான் சில்லு சில்லா தெறிக்கும். வாயில நின்னதே அதிர்ஷ்டம், குடலுக்குப் போயிருந்தா கிழிச்சிருக்கும்னாங்க.

பிரபு தம்பி, நீங்க எழுதினதுல இதையும் சேர்த்துடுங்க. கால்சியம்னு சொன்னதும் ஜனங்க முதல்ல எலும்பைத்தான் தூக்கிப் போடறாங்க.