காட்டுப்பாதைக்கு டூயல் ஸ்போர்ட்டா, எண்டியூரோவா?

மண்தடம் கேட்டது:

ஆறு வருடமாகத் தார் ரோட்டில்தான் ஓட்டி வருகிறேன். போன வருடம் நண்பரின் வண்டியை இரண்டு நாள் மண் பாதையில் ஓட்டியதிலிருந்து மனது அங்கேயே நிற்கிறது, சரி நமக்கென்று ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். பார்த்து வைத்திருப்பது இரண்டு: ஹோண்டா சிஆர்எஃப்300எல், இது தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான டூயல் ஸ்போர்ட்; கேடிஎம் 350 இஎக்ஸ்சி-எஃப், இது கரடுமுரடான காட்டுப்பாதைப் போட்டிக்கென்றே வந்த எண்டியூரோ. இரண்டுக்கும் ரோட்டுப் பதிவு கிடைக்கும்.

வாரத்தில் ஒருநாள்தான் ஓட்டுவேன். பாதை தொடங்கும் இடம் வீட்டிலிருந்து 45 கிலோமீட்டர், அதில் பாதி நெடுஞ்சாலை. வண்டியை ஏற்றிப்போக டிரெய்லர் எதுவும் கிடையாது. பாதையில் மரவேர், உருட்டுக்கல், நல்ல ஏற்றம், மழை பெய்தால் சேறு. என் உயரம் 170 சென்டிமீட்டர், ஹெல்மெட் பூட்ஸ் எல்லாம் சேர்த்து 85 கிலோ இருப்பேன். பல நாள் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும். எதை எடுக்கலாம்?

இரண்டாம்கியர்:

போக 45, வர 45 என்று சொன்னதுமே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஹோண்டாவை எடுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. எண்டியூரோ வண்டிக்கு சர்வீஸ் கிலோமீட்டரில் இல்லை, இன்ஜின் ஓடிய மணிக்கணக்கில். 350 இஎக்ஸ்சி-எஃப்புக்கு சுமார் 15 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வார்கள். உங்களுக்கு ரோட்டிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விடும், பாதையில் ஒரு நாலு மணி நேரம், ஆக மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும். நூறு சொச்சம் மணி நேரம் போனால் பிஸ்டன் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அந்த வேலையில் உங்களுக்கு ஆசை இருந்தால் நல்லது, நிறையப் பேருக்கு அது ஒரு சந்தோஷம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுவதற்கு மட்டுமே நேரம் கிடைக்கிற ஆளுக்கு அது பெரிய பாரம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் இழுப்பதும் அந்த இன்ஜினுக்கு விதித்த வேலை இல்லை.

கல்லடுக்கு:

மேலே சொன்ன கணக்கு சரி, ஆனால் அவர் தொடாமல் விட்டது எடை. சிஆர்எஃப்300எல் பெட்ரோல் நிரப்பி 142 கிலோ. இஎக்ஸ்சி-எஃப் பெட்ரோல் போட்டாலும் கிட்டத்தட்ட 110. முப்பது கிலோ வித்தியாசத்தை ரோட்டில் உணரவே மாட்டீர்கள். ஈரமான சரிவில், தலைகீழாகக் கிடக்கும் வண்டியைத் தனியாக நிமிர்த்தும்போது கை சொல்லும்.

என் அனுபவம் இது. 140 கிலோவுக்கு மேலான ஒரு வண்டியோடு தனியாகப் போய், ஒரே ஏற்றத்தில் ஐந்து முறை விழுந்தேன். ஐந்து முறையும் தூக்கினேன். ஆறாவது முறை விழுந்தபோது கையில் பலமே இல்லை, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் நடந்து இறங்கினேன், மறுநாள் ஆள் கூட்டிப்போய்த்தான் எடுத்தேன். புதிதாகப் பழகுபவர்தான் அதிகம் விழுவார், அதனால் லேசான வண்டி முதலில் தேவைப்படுவது அவருக்குத்தான் என்பது என் உறுதியான எண்ணம். "முதலில் கனமானதில் பழகு, அப்புறம் எண்டியூரோ வாங்கு" என்று எல்லோரும் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

ஒரே ஒரு தயக்கம், சீட் உயரம். ஹோண்டா 880 மில்லிமீட்டர், கேடிஎம் 960ஐ ஒட்டி. 170 உயரத்துக்குக் கேடிஎம்மில் ஒரு காலின் நுனிதான் தரையில் படும். கல் மேல் நின்றுபோனால் அது கஷ்டம்தான். ஒருமுறை ஏறி உட்கார்ந்து பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

பழைய ஸ்பேனர்:

தம்பி, பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கேடிஎம் 690 எண்டியூரோ ஆர் என்று ஒன்று இருக்கிறது, பெயரிலேயே எண்டியூரோ, ஆனால் பெட்ரோல் இல்லாமலே 145 கிலோவைத் தாண்டும். நீண்ட மண் சாலைக்கு அருமையான வண்டி, வேருக்கும் உருட்டுக்கல்லுக்கும் நடுவே உங்களுக்கு அது வேண்டாம். எண்டியூரோ என்பது போட்டியிலிருந்து வந்த பெயர். 1913இல் இங்கிலாந்தின் கார்லைலில் தொடங்கிய ஆறு நாள் சோதனை ஓட்டம் இன்றும் நடக்கிறது, 1981இல்தான் அதன் பெயரில் எண்டியூரோ என்ற சொல் வந்தது. ஓட்டுபவரே குறித்த நேரத்துக்குள் தன் வண்டியைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது அதன் விதி. அடிக்கடி கழற்றி மாட்டுவார்கள் என்று எதிர்பார்த்தே அந்த வண்டிகள் செய்யப்படுகின்றன, கேடிஎம்மில் ஏர் ஃபில்டரைக் கருவியே இல்லாமல் எடுத்துவிடலாம்.

டூயல் ஸ்போர்ட்டின் மனப்பான்மை வேறு. யமஹா டபிள்யூஆர்250ஆர், 2008 மாடலாக வந்து 2020 மாடலோடு நின்றுபோனது, அதில் வால்வு இடைவெளி பார்ப்பதே 42,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. எடை 134 கிலோ. உங்களுக்கு ஹோண்டாவுக்கும் கேடிஎம்முக்கும் நடுவில் ஒன்று வேண்டுமென்றால், நல்ல நிலையில் அது பழையதாகக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். சஸ்பென்ஷன் ஹோண்டாவைவிட நல்லது, அதை நீங்களே டைட் லூஸ் செய்துகொள்ளவும் முடியும்.

ஹோண்டாவையே எடுத்தால், சைலன்ஸருக்குப் பணம் போடாதீர்கள், எல்லோரும் அங்கேதான் முதலில் போகிறார்கள். மூன்று வேலை செய்யுங்கள். முன் ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடும் பல்சக்கரம், 14 பல் இருக்கும், அதை 13 ஆக்குங்கள். பின்னால் மூன்று பல் கூட்டியதற்குச் சமம், செலவோ மிகக் குறைவு, மெதுவான ஏற்றத்தில் கிளட்சை இழுத்து இழுத்து விட வேண்டியிருக்காது. அடுத்தது பட்டன் டயர், மண்ணைக் கவ்வும் பெரிய கட்டைகள் உள்ளது. பாதையில் காற்றை 15 பிஎஸ்ஐ வரை இறக்கி ஓட்டுங்கள், திரும்பும்போது ஏற்றிக்கொள்ள ஒரு கைப்பம்பு பையில் இருக்கட்டும். அதற்குமேல் இறக்கினால் கல்லில் ட்யூப் நசுங்கிக் கிழியும். மூன்றாவது ஸ்பிரிங், உங்கள் எடைக்கு ஹோண்டாவின் ஸ்பிரிங் மெத்தென்று இருக்கும். முழு உடுப்போடு உட்காருங்கள், ஒருவர் அளக்கட்டும்: பின்பக்கம் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் சரி. அந்த வண்டியில் மொத்தம் 260 மில்லிமீட்டர், அப்படியென்றால் 85, 90. பிரிலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, முழுக்க இறுக்கியும் 110 இறங்குகிறது என்றால் ஸ்பிரிங்கை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கல்லடுக்கு சொன்னது உண்மை, எடையை எந்த ஸ்பிரிங்காலும் குறைக்க முடியாது. ஆனால் பெரும்பாலும் தனியாகப் போகும் ஆள் முதல் வருடம் அந்த மாதிரி ஏற்றத்துக்கே போகக் கூடாது என்பேன்.

மண்தடம்:

மூவருக்கும் நன்றி. நேற்று இரண்டிலும் ஏறி உட்கார்ந்தேன். கேடிஎம்மில் ஒரு காலின் விரல்தான் தொட்டது, இருந்தும் அதன் லேசுத்தனம் மனதைவிட்டுப் போகவில்லை. ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆயில் என்றதும் என் வேலை நேரத்தை நினைத்துப் பார்த்தேன், முடியாது. டபிள்யூஆர்250ஆர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, 19,000 ஓடியது. வரும் வாரம் பார்க்கப் போகிறேன், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பழைய ஸ்பேனர்:

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள், முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு உள்பக்கம் விரலால் துடைத்துப் பாருங்கள், மணல் ஒட்டினால் இன்ஜினுக்குள்ளும் போயிருக்கிறது என்று பொருள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தை மேலும் கீழும் அசையுங்கள், டக் டக் என்று ஆட்டம் இருந்தால் பின் சஸ்பென்ஷனை இணைக்கும் லிங்கேஜில் பேரிங் போயிருக்கலாம். கீழே இன்ஜின் பாதுகாப்புத் தகட்டைக் கழற்ற அனுமதிப்பாரா என்று கேளுங்கள், ஆயில் போல்ட்டைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று அங்கேதான் தெரியும். பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.