மறு: 'ஸ்பிளிட் டிசிஷன்' – தமிழில் என்ன? (ஹேக்லர் வழக்கும் சேர்த்து)

ஏற்காட்டு ஐயாவுக்கும் குழுவினர் எல்லாருக்கும் வணக்கம். நம் குத்துச்சண்டைச் சொற்பட்டியலில் 'ஸ்பிளிட் டிசிஷன்' என்பதற்கு, அதாவது நடுவர்களில் கூடுதல் பேர் ஒருவருக்கும் மீதிப் பேர் எதிராளிக்கும் போட்டு வரும் வெற்றிக்கு, தமிழ்ச்சொல் தேடுகிறோம். ஐயா எழுதியது இது:

> 'பறிப்புத் தீர்ப்பு' என்றே வைத்துவிடுங்கள். 1987இல் ஹேக்லரிடமிருந்து பட்டத்தைப் பறித்தார்கள், அவ்வளவுதான்.

ஐயா, உங்கள் கோபம் நியாயமானதாகவே இருக்கட்டும். அதைச் சொற்பட்டியலில் ஏற்ற முடியாதே. நமக்கு வேண்டியது காந்தி மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகள் மோதும்போது மைக் பிடிப்பவர் கையில் கொடுக்க ஒரு சொல். இப்போது அவர் 'பை ஸ்பிளிட் டிசிஷன், புளூ கார்னர்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். ரெஃப்ரி ஒரு பையன் கையைத் தூக்குகிறார். தோற்ற பையனின் அம்மா பக்கத்தில் இருப்பவரிடம் 'என்னங்க சொன்னாங்க?' என்று கேட்கிறார். அந்த அம்மா காதில் மைக்கில் 'பறிப்புத் தீர்ப்பு' என்று விழுந்தால் அப்புறம் மேடை மிஞ்சாது.

சரி, ஹேக்லருக்கு வருகிறேன். மிடில்வெயிட் சாம்பியன் மார்வின் ஹேக்லரும் சுகர் ரே லியோனார்டும் 1987 ஏப்ரல் 6 அன்று லாஸ் வேகாஸில் மோதிய சண்டை. பன்னிரண்டு சுற்று. மூன்று நடுவர்களில் ஒருவர் 115–113 என்று ஹேக்லருக்குப் போட்டார். இன்னொருவர் அதே 115–113ஐ லியோனார்டுக்குப் போட்டார். மூன்றாமவர் லியோனார்டுக்கு 118–110. சுற்றை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்பதுதான் கணக்கு. ஆக முதல் இருவர் பார்வையில் 7 சுற்றுக்கு 5. மூன்றாமவர் பார்வையில் 10க்கு 2. அந்தக் கடைசிப் புள்ளித்தாளுக்குச் சப்பைக்கட்டு கட்ட நான் வரவில்லை. அந்தச் சண்டையைப் பார்த்த யாருக்கும் ஹேக்லர் இரண்டே சுற்றுதான் ஜெயித்தார் என்று தோன்றியிருக்காது.

ஆனாலும் லியோனார்டு ஜெயித்தார் என்பதுதான் என் கட்சி. 115–113. இடக்கைக்காரரான ஹேக்லர் முதல் சுற்றுகளை வலக்கைக்காரர் மாதிரி நின்று ஆடினார். ஏன் என்று இன்றுவரை மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எதிரே நிற்பவர் 1984க்குப் பிறகு ரிங்கே ஏறாதவர்; அவரை முதல் மணியிலேயே கயிற்றோரம் தள்ளியிருக்க வேண்டாமா? அந்தச் சுற்றுகளைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, ஐந்தாம் சுற்றுக்கு மேல் துரத்தினார். லியோனார்டோ சுற்று முழுக்க நழுவிக்கொண்டிருந்துவிட்டு, கடைசி அரை நிமிஷம் கையை மழை மாதிரி பொழிந்தார். அந்தக் குத்துகளில் பாதி கையுறையில்தான் பட்டன. ஆனால் மணி அடிக்கும்போது நடுவர் கண்ணில் நிற்பது அந்தப் படம்தான். சண்டை 15 சுற்றாக இல்லாமல் 12 சுற்றாக இருக்க வேண்டும் என்று பேரம் பேசி வாங்கியதும் லியோனார்டு தரப்பே. இதைக் கெட்டிக்காரத்தனம் என்பதா, பறிப்பு என்பதா என்பது அவரவர் மனசு.

> அப்போ ஹேக்லர் பெரிய ஆளே இல்லைன்னு ஒத்துக்கங்க.

அம்மாப்பேட்டைத் தம்பி, அதெப்படி? 1979இல் அப்போதைய சாம்பியன் அன்டுவோஃபெர்மோவோடு சமன் என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் லண்டன் போய், அப்போது பட்டம் வைத்திருந்த இங்கிலாந்துக்காரர் மின்டரை மூன்றே சுற்றில் நிறுத்திப் பட்டம் வாங்கினார். கூட்டம் பாட்டில் வீசியது. பிறகு 12 முறை பட்டத்தைக் காத்தார். 1985இல் ஹியர்ன்ஸோடு ஆடிய அந்த மூன்று சுற்றில், நெற்றி கிழிந்து ரத்தம் வழிய, மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகு முடித்துக் காட்டினாரே, அதை எந்தத் தட்டில் வைப்பீர்கள்? 1987 தோல்விக்குப் பிறகு அவர் கையுறை மாட்டவே இல்லை. ஒரு சுற்று இந்தப் பக்கம் விழுந்திருந்தால் பெரிய ஆள், அந்தப் பக்கம் விழுந்ததால் சின்ன ஆளா?

இதனால்தான் சொல்லில் சர்ச்சை ஏறக் கூடாது என்கிறேன். நடுவர்கள் பிரிந்தார்களா என்பது ஒன்று, ஊர் ஒத்துக்கொண்டதா என்பது வேறு. 1976இல் அலி – நார்டன் மூன்றாம் சண்டையில் மூன்று நடுவரும் ஒருமனதாக அலிக்கே போட்டார்கள். நார்டன்தான் ஜெயித்தார் என்பவர்கள் இன்றும் உண்டு.

அடுத்து, நாளிதழ்களைப் பார்த்து ஒரு நண்பர் சொன்ன 'மாறுபட்ட தீர்ப்பு'. காதுக்குப் பழக்கமானதுதான். அதிலேதான் வம்பு. 2018இல் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்க வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொன்று சொன்னபோது பேப்பர்காரர்கள் எழுதியது அதையே. அங்கே முடிவே வரவில்லை, மூன்றாவது நீதிபதிக்குப் போயிற்று. குத்துச்சண்டையில் முடிவு அந்த இடத்திலேயே வந்துவிடுகிறது. கேட்பவர் 'திரும்ப ஆடுவாங்களா?' என்றுதான் நினைப்பார்.

பயிற்சி கொடுக்கும் அக்கா சொன்ன 'ரெண்டுக்கொண்ணு' எனக்கு மிகவும் பிடித்தது. வாய்க்கு வருகிறது, கையால் காட்டலாம். ஆனால் அது மூன்று நடுவர் உட்காரும் தொழில்முறைச் சண்டைக்கே பொருந்தும். நம் பிள்ளைகள் ஆடும் அமெச்சூரில் ஐந்து பேர். டோக்கியோ ஒலிம்பிக்கில் மேரி கோம் கொலம்பியாவின் வலென்சியாவிடம் தோற்றது 3–2. அந்தச் சண்டையைப் பட்டியலில் எடுத்துக்காட்டாகவே சேர்க்கலாம். முதல் சுற்றில் நான்கு நடுவர் வலென்சியாவுக்கு, ஒருவர் மேரிக்கு. இரண்டாம், மூன்றாம் சுற்றுகளில் மூன்று பேர் மேரிக்கு. மூன்றில் இரண்டு சுற்று மேரி பக்கம், ஆனால் சண்டை போயிற்று! ஒவ்வொரு நடுவரின் தாளையும் தனித்தனியே கூட்டுகிறார்கள். சுற்றுவாரியாக ஓட்டு எண்ணுவதில்லை. தோற்றது அவருக்கே முதலில் புரியவில்லை. மைக்கில் இதைத் தமிழில் சொல்லத் தெரிந்திருந்தால் பாதி சண்டை குறையும்.

'பெரும்பான்மைத் தீர்ப்பு' என்றும் இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். மூன்றில் இருவர் ஒருவருக்குப் போட்டு, மூன்றாமவர் சமன் என்று விட்டுவிட்டால் அதற்கு ஆங்கிலத்தில் 'மெஜாரிட்டி டிசிஷன்' என்று தனிப் பெயர் இருக்கிறது. அதைத் தமிழாக்கினால், 2–1உம் பெரும்பான்மைதானே என்ற கேள்வி உடனே வரும். வெற்றிக்கு எத்தனை பேர் என்று பார்க்காமல், சேராத நடுவர் என்ன சொன்னார் என்று பார்த்தால் குழப்பம் தீர்கிறது. என் முன்வைப்பு:

எல்லாரும் ஒருவருக்கே போட்டால் ஒருமித்த தீர்ப்பு. ஒத்துப்போகாதவர் சமன் என்று சொன்னால் சமன்கலந்த தீர்ப்பு. எதிராளிக்குப் போட்டிருந்தால் எதிர்கலந்த தீர்ப்பு. மூன்று நடுவரானாலும் ஐந்து நடுவரானாலும் பொருந்தும். மைக்கில் 'எதிர்கலந்த தீர்ப்பு, மூன்றுக்கு இரண்டு, நீல மூலை' என்று சொன்னால் அக்காவின் எண்ணிக்கையும் உள்ளே வந்துவிடுகிறது.

சண்டையே சமனில் முடிந்தால்? 1993இல் விட்டேக்கர் – சாவேஸ் மாதிரி, இருவர் 115–115 போட்டு ஒருவர் மட்டும் விட்டேக்கருக்கு 115–113 போட்டால்? அதற்கெல்லாம் தனிச்சொல் தேவையில்லை. 'சமன்' என்று சொல்லிவிட்டு மூன்று தாளையும் வாசித்தால் போதும்.

போகிற போக்கில் இன்னொன்று: உள்ளே நிற்பவரையும் நடுவர் என்கிறோம், வெளியே உட்கார்ந்து புள்ளி போடுபவரையும் நடுவர் என்கிறோம். பழி யார் மேல் விழ வேண்டும் என்பதே கூட்டத்துக்குத் தெரிவதில்லை. களநடுவர், புள்ளிநடுவர் என்று பிரிக்கலாமா? அடுத்த ஞாயிறுக்குள் சொல்லுங்கள், தாள் அச்சுக்குப் போக வேண்டும். ஏற்காட்டு ஐயா, 'பறிப்புத் தீர்ப்பு' டீக்கடைக்கு நல்ல சொல். அடிவாரம் இறங்கும்போது சொல்லி அனுப்புங்கள், அங்கே உட்கார்ந்து ஏழாம் சுற்றிலிருந்து மறுபடி பேசலாம்.