"மனசிருந்தால் கூட்டிப் போயிருக்கலாமே" என்கிறவர்களுக்கு

முதுகுளத்தூரான்:
நேற்று மணலி செல்வி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. வளைகுடா அப்பாக்களுக்குப் பாசம் இருந்தால் குடும்பத்தைக் கூடவே வைத்திருப்பார்களாம். என் அப்பா சவூதியில், தம்மாமில் 19 வருடம் கம்பி கட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு, அவ்வளவுதான் எனக்கு அப்பா. கம்பி கட்டுகிறவருக்குக் குடும்ப விசா யார் கொடுத்தார்கள்?

மணலி செல்வி:
கம்பி கட்டுகிறவரை நான் சொல்லவே இல்லை. அமீரகத்தில் 2019லேயே வேலையின் பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, 4000 திர்ஹம் சம்பளம் இருந்தால் குடும்பத்தை அழைக்கலாம் என்று மாற்றிவிட்டார்கள். அதற்கு மேல் வாங்குகிறவர்களைத்தான் கேட்டேன். அக்கா மகன் ஐந்து வயதில் அப்பாவைப் பார்த்துப் பாட்டி முந்தானைக்குள் ஒளிந்தான். "இவர் எப்போ போவார்?" என்று ராத்திரி கேட்டது மச்சான் காதிலேயே விழுந்தது.

முதுகுளத்தூரான்:
4000 திர்ஹத்தில் துபாயில் வாடகை கொடுத்து, பிள்ளையைப் பள்ளிக்கும் அனுப்பிக் காட்டுங்கள். விசா கிடைப்பது வேறு, பிழைப்பது வேறு.

ஷார்ஜாக்காரன்:
நான் இன்னொரு குடும்பத்தோடு ஒரே வீட்டைப் பகிர்ந்துகொண்டு மகளை இங்கேதான் வளர்க்கிறேன். கஷ்டம்தான், ஆனால் முடியும் அண்ணே.

முதுகுளத்தூரான்:
தம்பி, உங்களுக்கு முடிந்தது ஊருக்கெல்லாம் முடியுமா? சவூதியில் 2017 ஜூலையில் குடும்பத்தாருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் வரி போட்டு, 2020இல் 400 ஆக்கினார்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1200 ரியால். கூட வைத்திருந்தவர்களே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

மணலி செல்வி:
திரும்பவும் சவூதி. நான் கேட்டது 4000 திர்ஹம்.

கறம்பக்குடியான்:
வெளிநாடு எதற்கு? என் அப்பா உள்ளூரில்தான் இருந்தார், டாஸ்மாக் மூடும்வரை வீட்டுக்கு வந்ததில்லை.

மணலி செல்வி:
வரதட்சணைப் பேச்சிலும் நீங்கள் இப்படித்தான் குறுக்கே வந்து திசை திருப்பினீர்கள். நான் மறக்கவில்லை.

கறம்பக்குடியான்:
அன்றைக்கு என்னைப் பொய்யன் என்றீர்களே, அதை நானும் மறக்கவில்லை.

முதுகுளத்தூரான்:
அப்பா கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார். அம்மா அதைப் போட்டுவிட்டு அடுப்படியில் நின்று அழுவாள். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், என்னை அடிப்பது எல்லாம் அவள்தான். எங்களுக்குக் குறை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பாசம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

மணலி செல்வி:
அம்மா அழுததைத்தானே நானும் சொல்கிறேன். 4000 திர்ஹத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

முதுகுளத்தூரான்:
வாடகையைச் சொன்னேனே, மேலே போய்ப் படியுங்கள்.