கே1000 எடுக்கவா, ஏஇ-1 எடுக்கவா?

கேள்வி:
ஃபிலிம் கேமரால படம் எடுக்க இப்பதான் கத்துக்குறேன். பென்டாக்ஸ் கே1000, கேனான் ஏஇ-1 ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு கிடைக்குது, ரெண்டுமே 1976ல வந்ததுதான். ஏஇ-1ல ஷட்டர் ஸ்பீடை (ஃபிலிம்ல வெளிச்சம் விழுற நேரம்) நாம வெச்சா அப்பர்ச்சரை (லென்ஸ் திறப்போட அளவு) அதுவே பாத்துக்குமாம், அப்புறம் ஏன் எல்லாரும் கே1000ன்னே சொல்றீங்க?

பதில் 1:
பேட்டரிதாங்க விஷயம். ஏஇ-1ல பேட்டரி செத்தா ஷட்டரே அடிக்காது, கையில செங்கல்தான். கே1000ல குட்டி பட்டன் பேட்டரி வெளிச்சத்தை அளக்குற மீட்டர் ஊசிக்கு மட்டும், அது போனாலும் 1/1000 செகண்ட் வரைக்கும் எல்லா ஸ்பீடும் ஓடும். மீட்டருக்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது, வெளிச்சம் பட்டா பேட்டரி தீந்துடும், அதனால லென்ஸ் மூடியைப் போட்டே வைங்க (நான் மறந்து மறந்து எத்தனை பேட்டரி வாங்கினேனோ). செல்ஃப் டைமர்கூட இல்லாத பெட்டி, ஆனா 1997 வரைக்கும் தயாரிச்சாங்க.

பதில் 2:
சிம்பிள்னா டெக்னாலஜி இல்லைன்னு அர்த்தமா என்ன? 1982ல வந்த நிக்கான் எஃப்எம்2 டைட்டானியம் ஷட்டர், பேட்டரியே இல்லாம 1/4000 அடிக்கும், அதுக்குப் பின்னாடி எவ்ளோ வேலை இருக்கு. ஆனா ஓடுற குழந்தைய எடுக்கணும்னா எனக்கு ஆட்டோஃபோகஸ்தான் வேணும், சும்மா பழசைக் கும்பிட முடியாது.

கேட்டவர்:
எங்க வீட்டு வாண்டு ஒரு இடத்துல நிக்கவே மாட்டான், இப்ப இன்னும் குழப்பிட்டீங்களே 😅